அவன் பேரில் இருந்த முகவரி

சாவு வீட்டுக்கும் இப்போதெல்லாம் ஒரு வேலையை வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். அழுவதற்கென்று எவன் வருகிறான்? பெரியவர் முணுமுணுத்தபடி மகனின் கால்மேல் போர்வையை இழுத்துவிட்டபோது, மகனின் ஆபீஸ் சிநேகிதன் பக்கத்தில் வந்து நின்றான். செத்தவனின் போன் வேண்டுமாம், வண்டி வருவதற்குள்.

"எதுக்கு?"

அவன் தணிந்த குரலில் சொன்னான். ஊர் ஊராகக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து, எதில் விஷம் இருக்கிறது என்ற விவரத்தை ஆபீஸ் இணையத்தில் வைத்திருக்கிறது. அங்கே ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு முகவரி. டாக்டர்களும் ஆராய்ச்சிக்காரர்களும் அதைத்தான் குறித்து வைத்திருக்கிறார்கள். விவரம் எந்தக் கம்ப்யூட்டருக்கு இடம் மாறினாலும் பழைய முகவரியில் தேடினால் கிடைக்கும்படி பார்த்துக்கொண்டவன் இவன். அந்த முகவரிகளை இவன் பேரில்தான் பதிந்திருக்கிறது; பதிவு இன்றோடு முடிகிறது. பாஸ்வேர்டு சிநேகிதனிடம் இருக்கிறது. ஆனால் புதுப்பிக்கக் கேட்கிற ரகசிய எண் இவன் போனுக்குத்தான் வரும். விட்டால் அத்தனை முகவரியும் செத்துப்போகும் என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஆபீஸ் சமாச்சாரம் எதுக்கு இவன் பேர்ல இருக்கு?"

"மூணு தடவ ஆபீஸ் பேரையே மாத்திட்டாங்கப்பா. மாத்தறப்பல்லாம் முகவரி உடைஞ்சுது. ஆபீஸ்தான் மாறும், நானா மாறப்போறேன்னு தன் பேர்லயே பதிஞ்சுட்டான்."

மருமகள் போனைக் கொண்டுவந்தாள். அது விரல் கேட்டது. சிநேகிதன் தலையைக் குனிந்துகொண்டான். யாரும் சொல்லாமலே பெரியவர் போர்வைக்குள்ளிருந்து மகனின் கையை எடுத்தார். கட்டைவிரலைத் துண்டால் துடைத்து, வைத்து அழுத்தினார். திறக்கவில்லை. தன் உள்ளங்கையில் பொத்திச் சூடுபடுத்திவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் பொத்தினார்.

"விடுங்க மாமா" என்றாள் மருமகள். காதுத் தோட்டைக் கழற்றி, அதன் முனையால் சிம்மை எடுத்துத் தன் போனில் போட்டாள். எண் வந்தது. சிநேகிதன் அதைத் தன் போனில் தட்டி முடித்து மூச்சுவிட்டான்.

"இன்னும் பத்து வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாதுப்பா."

"இப்ப யார் பேர்ல இருக்கு?"

"அவன் பேர்லதான். ஆபீஸ்ல பேசி மாத்திக்கலாம்."

"மூணு தடவ மாத்துனாங்களே, அவங்கதான?"

எல்லாக் கிணறும் திறக்கிறது, பாருங்கள் என்று சிநேகிதன் தன் போனை நீட்டினான். வெளியே வண்டி வந்து நின்றது. பெரியவர் மகனின் கையை உள்ளே வைத்து மூடினார். தூக்குகிறவர்களுக்கு இடறாமலிருக்க, வாசலில் கிடந்த செருப்புகளைக் காலால் ஒதுக்கிக்கொண்டே நடந்தார்.