நூல்கடைக் கருநாக்கு

சோமனூரில் ஒருத்தி நூல் கடை வைக்கிறாள் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? விடிந்தாலும் தறிச் சத்தம், பொழுதடைந்தாலும் தறிச் சத்தம். தின்கிற சோற்றில் பஞ்சு பறந்து விழும். இப்படிப்பட்ட ஊரில் என் தையல் கடைக்குப் பக்கத்துக் கடையைப் பிடித்து, கலர் கலராக உல்லன் நூலும் பின்னல் ஊசியும் அடுக்கி வைத்தாள் யசோதினி. 'நூல் அகம்' என்று எழுதச் சொன்னாளாம். போர்டு எழுதியவன் இரண்டையும் சேர்த்து 'நூலகம்' ஆக்கிவிட்டான். முதல் வாரம் முழுக்கப் பென்ஷன்காரர்கள் வந்து பேப்பர் இருக்கிறதா என்று கேட்டார்கள். "யசோ, ரெண்டு பேப்பர் வாங்கிப் போட்டு டீயும் வித்துரு புள்ள, நூலை விட நல்லா ஓடும்" என்று நான் ஓட்டினேன். அவளும் சிரித்தாள்.

நான் நிலோஃபர். கோயமுத்தூர் கோட்டைமேட்டில் பிறந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். ஜாக்கெட் தைக்கிறேன். வாய் கொஞ்சம் நீளம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார், சொல்லிவிட்டுப் போகட்டும்.

யசோதினி இலங்கைக்காரி, பருத்தித்துறைப் பக்கம். இங்கே அகதி முகாமில் வளர்ந்த பெயின்டர் ஒருவனைக் கட்டிக்கொண்டு விமானமேறி வந்தவள். அவன் போன வருசம் திருப்பூரில் சாரம் சரிந்து விழுந்து இறந்துபோனான். திரும்பிப் போகலாமென்றால் அங்கே அவளுக்கு ஆளும் இல்லை, வீடும் இல்லை. கிடந்த நகையை விற்றுத்தான் இந்தக் கடையைப் போட்டாள். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. சமையலும் அதில்தான், படுக்கையும் அதில்தான். கடை போனால் அன்றைக்கே அவள் ரோட்டில்தான்.

எங்கள் இரண்டு கடைகளும் சுப்பாத்தாள் அம்மாவுக்குச் சொந்தம். தோட்டமும் தறிக்குடோனும் உள்ள பெரிய வீடு. புருசன் இல்லாத வெளியூர்ப் பெண்ணுக்குக் கடை கொடுக்கலாமா என்று சொந்தபந்தம் இழுத்தபோது, "பொழைக்க வந்த புள்ளைங்க, பொழைச்சுட்டுப் போகட்டும்" என்று சாவியைக் கையில் கொடுத்தவர் அந்தம்மாதான். இதையும் சொல்லத்தான் வேண்டும். சொல்லாவிட்டால் அநியாயம்.

கடை மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது. வாசல் தோரணம் பின்ன நூல், பள்ளிக்கூடத்தில் கைவேலைக்கு நூல், பிறந்த குழந்தைக்குத் தொப்பி, காலுறை என்று பெண்கள் வந்தார்கள். யசோவின் தமிழைக் கேட்பதற்காகவே சிலர் வந்தார்கள். பேசலாம் என்பதற்கு அவள் "கதைப்பம்" என்றால் இவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

ஒருநாள் சுப்பாத்தாள் அம்மாவே வந்தார். மருமகள் லோகப்பிரியாவுக்கு இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாக நின்றது அது. ஒன்பதாம் மாதம் வரைக்கும் வந்துவிட்டது. அந்தம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ஏனுங்க அம்மணி, எம்மருமவளுக்கு ஒம்பது நடக்குது. பொறக்கற சீவனுக்கு மெத்துன்னு ஒரு தொப்பி பின்னிக் குடுத்துப்போடுங்க. இந்தத் தடவ நல்லபடியா எங்கூட்டுக்கு ஒரு கொழந்த வந்துரோணும்."

பின்பக்கக் குடோனில் அத்தனை தறியும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தம்மா பேச்சும் வேகம். யசோ தலையை ஆட்டிக்கொண்டே, சிரித்த முகமாக, "விளங்காதம்மா" என்றாள்.

அந்தம்மாவின் முகம் சுண்டிப்போனது. எங்கள் பக்கத்தில் விளங்காது என்றால் என்ன அர்த்தம்? உருப்படாது, நாசமாகத்தான் போகும். அதுவும் புருசனைப் பறிகொடுத்தவள் வாயிலிருந்து, வயிற்றுப் பிள்ளையைப் பற்றி! நான் கத்திரியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"ஐயோ அம்மா, அவங்க ஊருல விளங்காதுன்னா புரியலைன்னு அர்த்தமுங்க! தறிச் சத்தத்துல நீங்க சொன்னது புரியலையாமா, அதைத்தான் சொல்றா."

யசோ திருதிருவென்று விழித்தாள். "என்னக்கா, நான் பிழையாச் சொல்லிப்போட்டனோ?"

விசயத்தைச் சொன்னதும் அவளுக்குக் கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. அந்தம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாண, நான் அப்பிடி நினைச்சுச் சொல்லேல்லையம்மா" என்று சத்தியம் செய்தாள். சுப்பாத்தாள் அம்மா நெஞ்சில் கைவைத்துச் சிரித்தார். "அட, நானே ஒரு நிமிசம் பதறிப்போட்டனுங்க. பாசை அப்படி, பாவம் அவ என்ன பண்ணுவா." நன்றாகக் கேளுங்கள். அவர் வாயாலேயே சொன்னார், நான் பக்கத்தில் நின்றேன். மஞ்சள் நூலையும் அவரே பொறுக்கி எடுத்துக் கொடுத்தார்.

குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்து பிறந்தது. ஆண் பிள்ளை. யா அல்லாஹ், எதிரிக்கும் வரக்கூடாத துக்கம். கேள்விப்பட்டதும் மிஷின் மேல் தலையைச் சாய்த்து அழுதேன். யசோ அன்று முழுக்கச் சோறு தண்ணி தொடவில்லை.

அதற்கப்புறம்தான் பேச்சு கிளம்பியது. நூல்கடைக்காரி விளங்காது என்றாளாம். கருநாக்காம். சொன்னது பலித்துவிட்டதாம். வயிற்றுப்பிள்ளைக்காரிகள் எங்கள் பக்கம் வராமல் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கமாகப் போனார்கள். பிரிக்காத நூல்கண்டுகளை ஒரு பெண் படியில் வைத்துவிட்டு, "இதை எங்கூட்டுல வெச்சிருக்க பயமா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள். போகிற வருகிற ஒவ்வொருத்தியையும் மடக்கி, இலங்கையில் அதற்குப் புரியவில்லை என்று அர்த்தம் என்று தொண்டை வற்றக் கத்தினேன். "அப்படிங்களா" என்று கேட்டுக்கொண்டார்கள். மறுநாள் அவர்களும் வரவில்லை.

கடைசியில் அந்தம்மாவின் மகன் கவின் வந்தான். யசோவின் கடைப்படி ஏறாமல் வெளியிலேயே நின்றான். "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த மாசத்தோட கடையக் காலி பண்ணிக் குடுத்துருங்க. அம்மா சொல்லிட்டாங்க."

தப்பா நெனச்சுக்காதீங்களாமே! இந்த ஊரில் கழுத்தை அறுப்பதானாலும் "கொஞ்சம் தலையத் தூக்குங்க" என்று கேட்டுவிட்டுத்தான் அறுப்பார்கள். எனக்கு உச்சந்தலை கொதித்தது. பர்தாவை மாட்டிக்கொண்டு நேராக அந்த வீட்டுக்கே போனேன்.

வாசலில் கால் வைத்ததும் குப்பென்று மல்லிகை வாசம். சாவு விழுந்த வீட்டில் பூவா என்று ஒரு நொடி திகைத்தேன். பிறகுதான் உறைத்தது. பால் வற்றுவதற்காக லோகப்பிரியாவின் மாரில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வந்த கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

"அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு நான் அப்பவே சொன்னனுங்களே அம்மா. நீங்களும் சிரிச்சீங்களே. யாரோ கிளப்பிவிட்ட பேச்சை நம்பி, நீங்களே இப்படிப் பண்ணலாங்களா?"

சுப்பாத்தாள் அம்மா என்னைப் பின்பக்கம் மாட்டுக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யாரும் கிளப்பலீங்க. நாந்தான் சொன்னேன்."

"நீங்களா?" என்றேன்.

"மூணு போச்சுதுங்க நிலோஃபரு. ஆஸ்பத்திரி வாசல்லயே எங்கூட்டுக்காரரு தங்கச்சி ஆரம்பிச்சுப்போட்டா. இவ வயிறு ராசியில்லாத வயிறு, அவங்கொப்பன் ஊட்டுக்கு அனுப்பிப்போட்டு கவினுக்கு வேற எடம் பாக்கோணும்னு. அவனும் வாயத் தொறக்காம நிக்கறான். எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. நூல்கடைக்காரி இப்படிச் சொன்னா, அன்னிக்கே எனக்குத் திக்குன்னுச்சுன்னு சொல்லிப்போட்டேன். அவ்வளவுதானுங்க. அப்பறம் ஒரு சனம் எம்மருமவ வயித்தப் பத்திப் பேசல."

"அதுக்காக ஒண்ணும் பண்ணாதவ மேல..."

"பாவந்தானுங்க. இல்லீங்கல. அவ கண்ணு முன்னால இருக்கற வரைக்கும் நானும் பொய்யச் சொல்லிக்கிட்டே இருக்கோணும். போயிட்டா சனம் மறந்துபோயிரும்." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "உங்க கடைக்கு ஒண்ணும் ஆகாதுங்க கண்ணு. நானிருக்கறேன். இருங்க, காப்பி குடிச்சுட்டுப் போலாம்."

குடித்தேன். குடிக்காமல் எழுந்து வந்திருக்க வேண்டும். என் கடைக்கு ஒன்றும் ஆகாது என்ற அந்த வார்த்தையைக் கேட்டதும் என் நீளமான வாய் எங்கே போனது என்றே தெரியவில்லை.

யசோவிடம் எதையும் மறைக்கவில்லை. பொய் சொல்லித் தேற்ற எனக்கு மனசு வரவில்லை. அவள் கல்லாப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டாள். லோகப்பிரியாவைப் பற்றிச் சொன்னபோது உச்சுக்கொட்டினாள். "பாவம், சின்னப் பிள்ளை" என்றாள். சரி, இவள் மனசு ஆறிவிட்டது, அழுதுவிட்டுக் கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன். கேவலம், எனக்கு அது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

ஆனால் அவள் அழவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ளையைத் துரத்தினா, அதுக்குப் போக ஒரு தாய் வீடு இருக்கு அக்கா. என்னைத் துரத்தினா நான் எங்கை போறது? இதை நீங்கள் அவவிட்டக் கேட்டனீங்களோ?"

கேட்கவில்லை. அங்கே நின்றபோது எனக்கு என் கடைதான் ஞாபகத்தில் இருந்தது. அதை அவளிடம் சொல்லவும் முடியவில்லை.

மாதக் கடைசியில் அவள் கிளம்பினாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஹாஸ்டலில் கட்டில் கிடைத்தது. ஒரு கட்டிலும் ஒரு பெட்டியும்தான், நூலுக்கு அங்கே இடமில்லை. கருநாக்குக்காரி தொட்ட நூலை இந்தச் சுற்றுவட்டாரத்தில் எவரும் வாங்கவும் மாட்டார்கள். கழிவுப் பஞ்சு வாங்குகிறவன் வந்து, பிரிக்காத புது நூலையெல்லாம் சாக்கில் போட்டு மிதித்து அமுக்கி, எடைக்கு எடுத்துக்கொண்டு போனான்.

ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. அவள் ஒருத்தியால் இறக்க முடியவில்லை. "ஒருக்காப் பிடியுங்கோ அக்கா" என்றாள்.

பிடித்தேன். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்து மூடினோம்.