ஒரு நூல் மழை

துபாய் அல் குசைஸில் மீரா சாகிப்பின் ஃப்ரேம் கடையில் ஒரு ஜப்பானியப் படத்திலிருந்து மழை பெய்யத் தொடங்கியது போன மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, நண்பகல் லுஹர் தொழுகைக்குச் சற்று முன்பு. மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றியெடுத்த படம் அது. நெல்வயல், நான்கு கூரை வீடுகள், ஒரு மரப்பாலம், பாலத்தின் நடுவே வைக்கோல் தொப்பி போட்ட விவசாயி, எல்லாவற்றின் மேலும் மெல்லிய கறுப்புக் கோடுகளாக மழை. கொண்டுவந்தவர் உமாராணி, பக்கத்துத் தெருப் பள்ளி ஆசிரியை. படம் சட்டத்துக்குள் அடங்காததால், கடையில் வேலை பார்க்கும் அப்துல் ஹாதி அதைச் சுற்றியிருந்த வெள்ளை ஓரத்தை ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், வெட்டினார். எங்கே நிற்பதென்று தெரியாமல் மழை வெளியே வந்துவிட்டது. வெளியிலும் அதே சாய்வில், கோடு கோடாகவே விழுந்தது.

“வெட்டச் சொன்னது யாருவே?” என்றார் மீரா சாகிப்.

“ஒரு நூல்தான் காக்கா வெட்டினேன்.”

“அந்த ஒரு நூல்தானே மழைய தடுத்து வச்சிருந்திச்சு! டீச்சர் படம் கெட்டுப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், கலாஸ், முடிஞ்சிச்சு. உமக்கு ஊருக்கு டிக்கெட்தான்.”

அடுத்த மாதம் அப்துல் ஹாதியின் மனைவி உம்மு ஹானி விசிட் விசாவில் வருவதாக இருந்தது. அப்துல் ஹாதி டேப் ஒட்டினார், நனைந்து உரிந்தது. கண்ணாடி போட்டார், உள்ளே தண்ணீர் ஏறி விவசாயியின் முழங்காலைத் தொட்டதும் பதறிக் கழற்றினார். கடைசியில் வாளி வைத்தார். அதைவிட மோசம், வெளியே பெய்யப் பெய்யப் படத்தில் மழைக்கோடுகள் குறைந்துகொண்டே வந்தன. சனிக்கிழமை உமாராணி வந்தபோது ஏழு கோடுகள்தான் மிச்சம்.

அவர் குனிந்து படத்தைப் பார்த்தார். அப்துல் ஹாதி வாளியை மறைத்து நின்றார்.

“இவர் தொப்பிய கழட்டிட்டாரே,” என்றார் உமாராணி.

உண்மைதான். விவசாயி தொப்பியைக் கையில் பிடித்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தப்பு என்னோடதுதான் டீச்சர்.”

“எத்தனை வருஷமா நனைஞ்சாரோ, பாவம். இருக்கட்டும் பாய். பால்கனில மாட்டிக்கிறேன், கறிவேப்பிலைக்கு ஆகும்.”

கறிவேப்பிலை இப்போது கூரையை முட்டுகிறது. கீழ்வீட்டுக்காரர்கள் துணியை வேறு பக்கம் காயப்போடுகிறார்கள். மிச்சமிருந்த ஏழு கோடுகள் இன்னும் தீரவில்லை. ஜூன் மாதம் விவசாயி பாலத்தைக் கடந்துவிட்டார். உம்மு ஹானி வந்து இறங்கிய அன்றே படத்தைப் பார்க்கப் போய், தலை நனைந்து திரும்பினார். கடையில் யார் படம் கொண்டுவந்தாலும் அப்துல் ஹாதி முதலில் கேட்பது ஒன்றுதான்: “ஓரத்த விடவா, வெட்டவா?” பெரும்பாலோர் விடச் சொல்கிறார்கள். வீட்டில் செடி வைத்திருப்பவர்கள் ஒரு நூல் வெட்டச் சொல்கிறார்கள்.