சகலை கட்டிய வெந்நீர்த் தொட்டி

எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசி மாதம். பாக்கியசாமி ஒரு பழைய இரும்புத் தொட்டியை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போவதை, கோவில்பட்டியில் தன் வெல்டிங் பட்டறை வாசலில் நின்று எட்வர்ட் பார்த்தார். பாக்கியசாமி அவருக்குச் சகலை. எட்வர்டின் மனைவி மேரிராணியின் தங்கையைக் கட்டியவர், நூல் மில்லில் ஃபிட்டர்.

தொட்டியை எட்வர்டுக்கு அடையாளம் தெரிந்தது. மூடிப்போன பஞ்சு அரவை ஆலையின் பின்னால், எருக்கஞ்செடிகளுக்கு நடுவே ரெண்டு வருஷமாகக் கிடந்தது. அதை வாங்கலாமா என்று அவரே ஒரு முறை போய்ப் பார்த்திருக்கிறார். பொருக்குப் பொருக்காகத் துரு. சுரண்டிக்கூடப் பார்க்காமல், "மக்கிப்போச்சு" என்று திரும்பிவிட்டார்.

"எங்க கொண்டு போறிய, தம்பி?"

"மதர் ஆஸ்பத்திரிக்கு அண்ணாச்சி. வெந்நீர்த் தொட்டி செய்யுதேன்."

நாகலாபுரம் போகிற வழியில் கன்னியர்கள் நடத்தும் பிரசவ ஆஸ்பத்திரி அது. அதன் கேட், ஜன்னல் கம்பிகள், கட்டில்கள் எல்லாம் அவர் கைப்பட்டவை. ஒன்பது வருஷமாக அங்கே ஒரு தாழ்ப்பாள் கழன்றாலும் அவருக்குத்தான் ஆள் வரும். இந்த வேலைக்கு வரவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது மேரிராணியிடம் விவரம் கேட்டார்.

"தங்கச்சி புரட்டாசில அங்கன பிள்ளை பெத்தால்லா? ஆயா மிக்கேலம்மா அண்டாவுல தண்ணி காய வச்சு, குடம் குடமாத் தூக்கிட்டு அலைஞ்சாளாம். அதப் பாத்துட்டு இவரே மதர்ட்ட போய்ச் சொல்லிருக்காரு, நான் செஞ்சு தாரேன்னு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்னவாம்?"

"உங்கள எதுக்குக் கேக்கணும்? அவரு லீவு போட்டுச் செய்யுதாரு."

எட்வர்ட் பாதிச் சோற்றில் கை கழுவினார்.

சனிக்கிழமை, வார்டு கதவின் கீலைப் பார்க்க வேண்டும் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். முந்தின நாள் மழையில் கரிசல் இளகிக் கிடந்தது. சக்கரத்தில் அப்பிய மண்ணைக் குச்சியால் நோண்டி நோண்டி, பாதி வழி உருட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

ஆஸ்பத்திரியின் அடுக்களைக்குப் பின்னால் வேலை முக்கால்வாசி முடிந்திருந்தது. துருவைத் தேய்த்து எடுத்த இடங்களில் கனமான தகடு பளபளத்தது. ரெண்டே ரெண்டு இடத்தில்தான் ஒட்டுப்போட வேண்டியிருந்ததாம். தொட்டியைக் குளியலறைச் சுவரோரம் உயரமான கல்மேடையில் ஏற்றியிருந்தார் பாக்கியசாமி. தரையில் விறகு பாய்லர். கனத்த குழாயொன்றை அறுத்து, உள்ளே தீயும் சுற்றிலும் தண்ணீரும் நிற்கிற மாதிரி ரெட்டைச் சுவராகச் செய்திருந்தார். பாய்லரின் தலையிலிருந்து ஒரு குழாய் தொட்டியின் மேல்பக்கத்துக்கு, தொட்டியின் அடியிலிருந்து இன்னொன்று பாய்லரின் அடிக்கு.

"சூடான தண்ணி தானா மேல ஏறும், குளுந்த தண்ணி தானா எறங்கும் அண்ணாச்சி. மோட்டாரு வேண்டாம். ஒருக்கா வேலிக்கருவ வெறக வச்சு எரிச்சா சாயங்காலம் வர வெந்நீரு."

தொட்டியைச் சுற்றி மில் கழிவுப் பஞ்சைக் கனமாகப் பொதிந்து, சாக்கால் இறுக்கிக் கட்டி, மேலே களிமண் பூசியிருந்தார். சூடு வெளியே போகாது. இந்த யோசனை தனக்கு வந்திருக்குமா என்று எட்வர்ட் எண்ணிப் பார்த்தார். வந்திருக்காது. அது இன்னும் எரிந்தது.

அப்போதுதான் அந்தக் குழாயைப் பார்த்தார். பாய்லரிலிருந்து மேலே போகிற குழாய், நடுவில் இருந்த ஜன்னல் சன்ஷேடை இடிக்க வேண்டாமென்று அதன் மேலே ஏறி, மறுபக்கம் ஒரு முழம் இறங்கி, மறுபடி தொட்டிக்கு ஏறியது. ஒட்டகத் திமில் மாதிரி. அந்தத் திமிலில் காற்று அடைத்துக்கொள்ளும். காற்று நின்றால் தண்ணீர் ஏறாது. எட்வர்ட் ஒரு பார்வையில் கண்டுகொண்டார். சொல்ல வாயைத் திறந்தும் விட்டார்.

அந்த நேரம் பார்த்து மதர் வந்தார். "பாத்தீங்களா எட்வர்ட்? பாக்கியசாமிக்கு என்ன மூளை! இத்தனை வருஷமா இது நம்ம யாருக்கும் தோணலையே."

எட்வர்ட் வாயை மூடிக்கொண்டார். "ஆமா மதர்" என்றார். கீலுக்கு எண்ணெய் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

திங்கட்கிழமை தீ மூட்டினார்கள். பாய்லருக்குள் தண்ணீர் கொதித்து டம்டம் என்று முட்டியது. தொட்டியோ குளிர்ந்தே கிடந்தது. பாக்கியசாமி பாய்லரைக் கழற்றிப் பார்த்தார், குழாயை ஊதிப் பார்த்தார், ஒட்டுகளைத் தட்டிப் பார்த்தார். மறுநாள் மூட்டினார், அதே டம்டம். மிக்கேலம்மாள் மறுபடி அண்டாவைக் கழுவி அடுப்பில் ஏற்றினாள்.

சேதி மேரிராணி மூலம் வந்தது. அன்று எட்வர்ட் ரெண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார். பட்டறையில் விசில் அடித்தார். ஒவ்வொரு நாளும், "தண்ணி சுட்டுச்சாமா?" என்று கேட்பார். இல்லை என்று கேட்டால் மனசுக்குள் வெல்லக்கட்டி கரையும்.

"தங்கச்சி வீட்டுக்காரரு மொகமே கறுத்துப் போச்சு. நீங்க ஒரு எட்டு போய்ப் பாத்தா என்ன?" என்றாள் மேரிராணி.

"என்னயக் கூப்பிட்டாவளா?"

ஒன்பதாம் நாள் காலையில் அவள் தங்கை வீட்டிலிருந்து வேகமாக வந்தாள். "நேத்து அந்த ஆயா வெந்நீக் குடத்தோட வழுக்கி விழுந்துட்டாளாம். முழங்காலுக்குக் கீழ வெந்துபோச்சு."

எட்வர்ட் கையிலிருந்த ரம்பத்தைக் கீழே வைத்தார். உளி, சுத்தியல், குழாய் வெட்டும் ரம்பம் எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

பாய்லர் முன்னால் பாக்கியசாமி குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். எட்வர்ட் வேறு பேச்சே பேசவில்லை. "சன்ஷேடத் தொளைக்கணும். கொழாய் எங்கயும் எறங்கப்படாது, ஏறிக்கிட்டே போகணும்" என்றார். ரெண்டு பேருமாகச் சன்ஷேடில் ஓட்டை போட்டு, திமிலை அறுத்தெறிந்து, குழாயை நேரே சரிவாக ஏற்றினார்கள். தீ மூட்டிக் கொஞ்ச நேரத்தில் டம்டம் நின்றது. எட்வர்ட் குழாயைத் தொட்டு, சுரீரென்று கையை இழுத்துக்கொண்டார். சூடு தொட்டிக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

மதரும் நர்சுகளும் வந்து பார்த்தார்கள். பாக்கியசாமி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "தப்பு என் மேலதான் மதர். அண்ணாச்சி வரலேன்னா இது வெறும் தகரம்" என்றார்.

மதர் கண் கலங்கிவிட்டார். "இப்படி ஒத்துக்கொள்ற மனசு யாருக்கு வரும்? பாக்கியசாமி, உங்க குணத்துக்கு ஆண்டவர் ஒரு குறையும் வைக்க மாட்டார்."

குழாயை ஏற்றிச் சரிசெய்தது எட்வர்ட். குணவான் பட்டம் பாக்கியசாமிக்கு. எட்வர்ட் உதட்டைக் கடித்துக்கொண்டு ரம்பத்தைத் துடைத்தார்.

எல்லாரும் போன பிறகு பாக்கியசாமி குரலைத் தாழ்த்தினார். "அண்ணாச்சி, அன்னிக்குச் சனிக்கிழமையே கண்டுக்கிட்டியல்லா? உங்க கண்ணு அந்தக் கொழாயில நின்னத நான் பாத்தேன்."

எட்வர்டுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "பாத்தேன். வயிறு எரிஞ்சுது தம்பி. சொல்லல."

பாக்கியசாமி ஒரு விறகைத் தீக்குள் தள்ளினார். "ரெண்டாம் நாளே உங்கள்ட்ட ஓடி வந்திருக்கணும் நான். தெருமொனை வர வந்துட்டுத் திரும்பிட்டேன். நீங்க கை வச்சா இது உங்க தொட்டியாயிரும்னு நெனச்சேன். இந்த ஊர்ல எதச் செஞ்சாலும் எட்வர்டு செஞ்சதுன்னுதான் சொல்லுதாவ."

இப்படி ஒருத்தன் தன்னைப் பார்த்து எரிந்திருப்பான் என்று எட்வர்ட் நினைத்ததே இல்லை. ஒரு நிமிஷம் அது இனிக்கக்கூடச் செய்தது. உடனே மிக்கேலம்மாளின் ஞாபகம் வந்தது.

வராந்தாக் கடைசியில், காலில் கட்டோடு அவள் பாயில் சாய்ந்திருந்தாள். எட்வர்ட் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எதையும் மறைக்காமல் சொன்னார். அவள் கேட்டு முடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எட்டு நாளு சொமந்தேன், தம்பி" என்றாள். வேறெதுவும் திட்டவில்லை.

எழுந்திருக்கவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் எட்வர்ட் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவளே பேசினாள். "நாலாம் கட்டில்ல ஒரு பிள்ளத்தாச்சி காலைலருந்து குளிக்கணும்ங்குதா. சும்மா உக்காந்திருக்கதுக்கு ஒரு வாளி புடிச்சு வார்டு வாசல்ல வச்சுட்டுப் போங்க."

அவர் வாளியை எடுத்துப் போய்க் குழாயைத் திறந்தார். ஆவி முகத்தில் அடித்தது. தூக்கிக்கொண்டு வரும்போது, ஆபீஸ் ரூம் வாசலில் யாரோ ஒரு விருந்தாளியிடம் மதர் சொல்வது காதில் விழுந்தது: "எல்லாம் நம்ம பாக்கியசாமி செஞ்சது."

வலித்தது. நிற்காமல், ஒரு சொட்டும் சிந்தாமல் வாளியை வார்டு வாசலில் கொண்டுபோய் வைத்தார். அடுத்த வாளிக்குத் திரும்பி நடந்தார்.