மூன்றடி உயரத்தில் ஒரு படம்

நசிலேலே எடுத்துக்கொண்டிருந்த படத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் முகம் கிடையாது. விவாகரத்தை ஒரு குழந்தை எப்படிப் பார்க்கிறதோ அப்படித்தான் காட்டுவது என்று முடிவு செய்திருந்தாள். அதனால் ஏழு வயசுப் பெண்ணின் கண் உயரத்தைத் தாண்டி கேமரா எழும்பவே இல்லை. அப்பா என்றால் ஒரு ஜோடி பழுப்பு ஷூ, இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்து. அம்மா என்றால் இடுப்புத் துணியின் ஓரம், சோளமாவு ஒட்டிய விரல்கள். சண்டை எல்லாம் தலைக்கு மேலே எங்கேயோ நடக்கும். நீதிமன்றக் காட்சியில்கூட மேசையின் அடிப்பக்கம்தான் தெரிந்தது. அங்கே யாரோ ஒட்டிவைத்துவிட்டுப் போன பபிள்கம்.

அந்தப் பெண்ணாக நடிக்க தலைநகர் லுசாகா முழுக்கத் தேடி எழுபது குழந்தைகளைப் பார்த்தாள். எல்லோரிடமும் ஒரே கேள்விதான். வீட்டில் சண்டை நடந்தால் என்ன செய்வாய்? அழுவேன் என்றார்கள், சாமி கும்பிடுவேன் என்றார்கள். சிலெஞ்சே பேட்டையிலிருந்து வந்த மபாலோ மட்டும் கொஞ்சம் யோசித்தாள்.

"டிவி சத்தத்தைக் கூட்டுவேன் ஆன்ட்டி. ஆனா ரொம்பக் கூட்டக் கூடாது. கூட்டினா என் பக்கம் திரும்பிடுவாங்க."

கேமராமேன் கபாம்பா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டான். வேறு குழந்தையைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

மபாலோவின் அப்பாவும் அம்மாவும் பிரிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மா எக்ஸில்டா பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். சம்மதம் கேட்டுப் போனபோது தையல் மெஷினை நிறுத்தாமலே பேசினாள்.

"ஊரு சிரிச்சு ஓய்ஞ்சு இப்பதான் நான் தலை நிமிர்ந்து சந்தைக்குப் போறேன் மேடம். மறுபடியும் திரையில போட்டுக் காட்டணுமா?"

"இது உங்க கதை இல்லக்கா."

"நாளைக்கு அதை யார் நம்புவா? பக்கத்து வீட்டுக்காரி நம்புவாளா?"

கடைசியில் பக்கத்திலிருந்த மகள் கேட்டாள். "நாம என்ன தப்பும்மா பண்ணோம், ஒளிஞ்சுக்கறதுக்கு?" எக்ஸில்டா மெஷினை நிறுத்திவிட்டு ஒப்புக்கொண்டாள்.

முப்பத்திரண்டு நாள் படப்பிடிப்பு ஒழுங்காகப் போனது. கடைசிக் காட்சியில்தான் முட்டுக்கட்டை விழுந்தது.

கதைப்படி அப்பா பெட்டியோடு வீடு திரும்புகிறார். அம்மா கதவைத் திறக்கிறாள். குழந்தை ஓடிப்போய் இருவர் கையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பணம் போட்ட சியாமே அதைப் பார்க்கவே நேரில் வந்து, குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த முடிவுக்காகத்தான் படத்தையே ஒத்துக்கொண்டிருந்தார்.

"ஆக்‌ஷன்" என்றாள் நசிலேலே.

மபாலோ நகரவில்லை. நாலாவது டேக்கிலும் வாசற்படியிலேயே நின்றாள். நசிலேலே பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"என்ன கண்ணு, களைப்பா இருக்கா?"

"இல்ல ஆன்ட்டி. கதையில வர்ற இவ ஓட மாட்டா."

"ஏன்? அப்பா திரும்பி வந்துட்டாரே. சந்தோஷம்தானே?"

"வந்தா மறுபடி ஷூ சத்தம் கேக்கும். மறுபடி டிவி சத்தத்தைக் கூட்டணும்." மபாலோ கீழே பார்த்துக்கொண்டே சொன்னாள். "இப்ப எனக்கு ரெண்டு வீட்லயும் நல்லாத் தூக்கம் வருது."

நசிலேலேவுடைய அப்பாவும் அம்மாவும் சொந்த ஊரான மோங்குவில் பிரிந்தபோது அவளுக்கு வயசு ஆறு. அப்பா பஸ்ஸிலிருந்து பெட்டியோடு இறங்குவதை முப்பது வருஷமாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தவள் அவள். இந்த முடிவை எழுதியது குழந்தைக்காக இல்லை, தனக்காகத்தான் என்பது அந்த வாசற்படியில்தான் உறைத்தது.

"சரி, நீயா இருந்தா என்ன பண்ணுவ?"

"சனிக்கிழமைன்னா அப்பா கேட் கிட்ட நிப்பாரு. நான் பை எடுத்துட்டுப் போவேன். அம்மா தலையணையைக் குடுப்பாங்க. அவ்வளவுதான்."

நசிலேலே எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். "கபாம்பா, பிக்கப் வண்டியைக் கேட்டுக்கு வெளியில நிறுத்து. நடிகர்கள் ரெண்டு பேரும் குழந்தை சொன்ன மாதிரி நில்லுங்க."

சியாமே குடையை விட்டு வெளியே வந்தார். "நசிலேலே, என்ன விளையாட்டு இது? சேராம முடிச்சா ஜனங்க நாற்காலியை உடைப்பாங்க."

"உடைச்சா நான் போய் ஆணி அடிச்சுத் தரேன் சார். ஒரே ஒரு டேக் குடுங்க. பிடிக்கலைன்னா உங்க முடிவையே எடுத்துத் தரேன்."

கேமரா ஓடியது. மபாலோ பையைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலிலிருந்து கேட்டுக்கு நடந்தாள். பின்னாலிருந்து ஒரு கை தலையணையை நீட்டியது, வாங்கிக்கொண்டாள். முன்னாலிருந்து ஒரு கை பையை வாங்கியது, கொடுத்தாள். அதற்கப்புறம் அவள் செய்ததை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. முன் சீட்டுக்குப் போகாமல் சக்கரத்தில் கால் வைத்து, பிக்கப்பின் பின்பக்கம் ஏறி நிமிர்ந்து நின்றாள்.

கபாம்பா ஒரு கணம் தடுமாறினான். பிறகு கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு அவளோடு ஏறினான். அந்தப் படத்தில் முதல் தடவையாகக் கேமரா மேலே போனது. கேட்டுக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் அம்மா. இரண்டு பேருடைய முகமும் தெரிந்தது. அசுர முகங்கள் இல்லை. களைத்துப்போன, அண்ணாந்து மகளையே பார்க்கிற இரண்டு சாதாரண முகங்கள். மபாலோ இருவரையும் மாறி மாறிப் பார்த்து, விழுந்த பல் இடைவெளி தெரியச் சிரித்தாள்.

"கட்" சொல்லிவிட்டு நசிலேலே பின்னால் திரும்பினாள். சியாமே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணு எடுக்கணுமா சார்?"

"வேண்டாம்" என்றார். காரில் ஏறிப் போனார்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் படம் வெளியானது. படிக்கட்டில்கூட ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எக்ஸில்டா ஏழாவது வரிசை. மபாலோவின் அப்பா கெல்வின் பதினொன்றாவது வரிசை. சிலெஞ்சேயிலிருந்து இரண்டு மினிபஸ் நிறையப் பெண்கள் வந்திருந்தார்கள். என்னதான் காட்டியிருக்கிறார்கள் பார்ப்போம் என்றே வந்தவர்கள் பாதிப் பேர்.

கடைசிக் காட்சி வந்தது. மபாலோ வண்டி மேல் ஏறி, கேமரா மேலே போய் முகங்கள் தெரிந்ததும் பின் வரிசையில் யாரோ ஒரு பெண் குலவையிட்டாள். அடுத்து இன்னொருத்தி. பிறகு அரங்கம் முழுக்கக் குலவை. விளக்குப் போட்ட பிறகும் அது ஓயவில்லை. நாற்காலி எதுவும் உடையவில்லை.

மேடையில் கேள்வி நேரம் வந்தது. தடித்த மனிதர் ஒருவர் எழுந்தார். "இந்தப் பாப்பாவையே கேக்கறேன். அப்புறமாச்சும் அவங்க சேந்தாங்களாம்மா?"

மபாலோ இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டாள். "இல்ல அங்கிள். அவங்க சேர வேண்டியதில்ல. நான் யாரையும் விட்டுப் பிரியலையே."

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

"அம்மாவை மேடைக்கு அனுப்புங்க" என்று சிலெஞ்சேப் பெண்கள் கூச்சலிட்டார்கள். எக்ஸில்டா எழுந்து, கூட்டம் விலகி வழிவிட, நிமிர்ந்தபடி நடந்துபோய் மேடை ஏறினாள். மகளின் கசங்கிய காலரை நேராக்கினாள். மைக்கில் ஒரே வரிதான் சொன்னாள்.

"இந்தச் சட்டை நான் தைச்சது."