ஜூரி அழைப்பு

ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் பால்துரை எழுந்து மைக்கருகே போனதும் சபையில் பாதிப் பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். டெக்சாஸின் சுகர் லேண்டில் அந்த ஆலயம் ஞாயிறு மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை தமிழர்களுடையது. ஐந்துக்கு ஸ்பானிஷ் சபை வந்துவிடும். பால்துரை பேசுகிற நாளில் அவர்கள் வாசலில் கிதாரோடு நின்றிருப்பார்கள்.

அது இரண்டாயிரமாம் வருடம் டிசம்பர். தேர்தல் முடிந்து ஒரு மாதமாகியும் ஜனாதிபதி யாரென்று தெரியவில்லை. ஃப்ளோரிடாவின் ஓட்டுகளை மறுபடி எண்ணலாமா கூடாதா என்று கோர்ட்டுகள் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தன. ஆராதனை முடிந்ததும் காபி மேசையில் நின்று இதையெல்லாம் விளக்குவது பால்துரையின் ஊழியம். அவன் எண்ணெய் கம்பெனியில் பைப் வரைகிற என்ஜினியர். சட்டம் படித்ததில்லை. திருநெல்வேலிப் பக்கம் நாசரேத்தில் அவன் அப்பா ஒரு வரப்புக்காக இருபத்திரண்டு வருடம் வழக்கு நடத்தித் தோற்றவர். கோர்ட் பேச்சு இல்லாமல் சோறு இறங்காத வீடு.

அன்று காபி வரை அவனால் பொறுக்க முடியவில்லை.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். கோர்ட்ல உக்காந்து தீர்ப்புச் சொல்ற ஜூரி ட்யூட்டி எனக்கு வந்திருக்கு. வர்ற வாரம் புதன்கிழமை. இந்த தேசத்தோட நீதியில நம்ம சபைக்கும் ஒரு சீட் கொடுத்திருக்காங்க."

கை தட்டினார்கள். போதகர் அவனை முழங்காலில் நிற்கச் சொன்னார். மூப்பர்கள் தலையில் கை வைத்தார்கள். நீதியாய் நியாயந்தீர்க்கும் ஞானத்தை இவருக்குத் தாரும் என்று ஜெபம் ஏறியது. இருந்த கைகளில் கனமானது ஆபேல் ஐயாவுடையது. எழுபதுகளிலேயே அமெரிக்கா வந்தவர். சபையின் முதல் சிட்டிசன் என்று பெயர். பால்துரை எந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசினாலும் "அப்படியா தம்பி" என்று மட்டும் கேட்பார்.

வீட்டில் ஜூரிக் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தவள் மகள் அபிகாயில். பதிமூன்று வயது.

"டாடி, யூ ஆர் நாட் அ சிட்டிசன்."

"அது ஊருக்கே தெரியும்."

"இட்ஸ் த ஃபர்ஸ்ட் பாக்ஸ்."

வாங்கிப் பார்த்தான். நீங்கள் அமெரிக்கச் சிட்டிசனா? இல்லையென்றால் குறியிட்டு, கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பவும். நேரில் வரத் தேவையில்லை. டிரைவர் லைசன்ஸ் பட்டியலிலிருந்து பெயர்களை எடுக்கிறார்களாம். முன்பக்கத்தில் இருந்த முத்திரையையும் அதன் கீழே தன் பெயரையும் ஏழெட்டுத் தடவை படித்திருந்தான். தாளைத் திருப்பத் தோன்றவில்லை.

அவனுடைய சிட்டிசன்ஷிப் மனு ஹூஸ்டனில் இருந்தது. மார்ச்சில் இன்டர்வியூ.

"இன்னும் மூணு மாசம்தானே," என்று பேனாவை எடுத்தான். "ஆனதா வெச்சுக்கிட்டா என்ன?"

மனைவி கிருபாராணி அடுப்பில் மீன் குழம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"தொண்ணூத்தாறு சட்டம்."

"என்னது?"

"நாகரத்தினம் ஆன்ட்டி மருமகன் ஓட்டுப் போடப் போறேன்னு சொன்னப்ப நீங்கதானே ஒண்ணரை மணி நேரம் பேசினீங்க? சிட்டிசன்னு பொய் சொன்னா கிரீன் கார்டையும் பிடுங்கி ஊருக்கு அனுப்பிருவான்னு. அன்னைக்கு என் காபி ஆறிப்போச்சு. அதான் ஞாபகம் இருக்கு."

தன் விளக்கத்தை முழுசாகக் கேட்ட ஒரு ஆள் வீட்டிலேயே இருப்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டான்.

"சபையில என்னன்னு சொல்ல?"

"உள்ளதைச் சொல்லுங்க."

"தலைல கை வெச்சு ஜெபிச்சிருக்காங்க, ராணி."

"வெச்ச கையை எடுத்துட்டாங்கல்ல."

தபாலில் போட்டிருக்கலாம். புதன்கிழமை லீவு எடுத்து, கோட் மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்கே போனான். கவுண்டரில் இருந்த பெண் தாளை வாங்கி, நிமிராமல் ஒரு முத்திரை குத்தினாள். இரண்டு விநாடி. வேடிக்கையாவது பார்க்கலாமா என்று கேட்டான். யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம்.

உள்ளே ஒரு வேலி வழக்கு. பக்கத்து வீட்டு மரம் விழுந்து வேலி உடைந்திருந்தது. ஜூரியில் ஒருவர் தூங்கினார். ஒருத்தி சூயிங்கம் மென்றாள். பார்வையாளர் பெஞ்சில் பால்துரை நிமிர்ந்து உட்கார்ந்து குறிப்பெடுத்தான். மூன்று மணிக்குத் தீர்ப்பு வந்துவிட்டது. அப்பாவின் இருபத்திரண்டு வருடத்தை நினைத்துக்கொண்டே காரைக் கிளப்பினான்.

அதற்கு முந்தைய நாள் உச்ச நீதிமன்றம் ஃப்ளோரிடா எண்ணிக்கையை முடித்து வைத்திருந்தது. ஒன்பது நீதிபதிகளில் ஐந்துக்கு நாலு. ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே அவனை மறித்தார்கள். உச்ச நீதிமன்றத்தைக் கேட்டார்கள், ஜூரியையும் கேட்டார்கள்.

"யாரும் கேக்காதீங்க," என்றாள் நாகரத்தினம் ஆன்ட்டி. "ஜூரில இருக்கறவங்க கேஸைப் பத்தி மூச்சு விடக்கூடாது. அவரே சொல்லியிருக்காரு."

எல்லோரும் மரியாதையாக விலகி வழிவிட்டார்கள். பேசிச் சம்பாதித்ததைவிட இது பெரிதாக இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும். கிருபாராணி அவனைப் பார்க்கவில்லை. பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தாள்.

சாட்சி நேரத்தில் மைக்கருகே போனான்.

"நான் ஜூரில இல்ல. சிட்டிசன் இல்லாதவனை எடுக்க மாட்டாங்க. பின்பக்கத்துல போட்டிருந்தது. நான் முன்பக்கம்தான் படிச்சேன்."

வந்து உட்கார்ந்தான். அவன் சொன்ன சாட்சிகளில் இதுவே சிறியது. பின் வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்.

காபி மேசையில் அவன் பக்கம் ஆள் இல்லை. எதிர் மூலையில் பல் டாக்டர் ஆட்ரியன் ஐந்துக்கு நாலை விளக்கிக்கொண்டிருந்தார். தப்பாக. பால்துரை ஒரு சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் நின்றான்.

ஆபேல் ஐயா தோளைத் தொட்டார். "கார் வரைக்கும் வாங்க தம்பி."

காரின் முன்சீட்டுப் பெட்டியைத் திறந்து மூன்று உறைகளை எடுத்தார். மூன்றிலும் அதே கவுண்டி கோர்ட் முத்திரை. மூன்றும் பிரிக்காதவை.

"இது எண்பத்தெட்டு. இது தொண்ணூத்திமூணு. இது போன வருஷம். மூணு கார் மாத்திட்டேன். இதுக மட்டும் கூடவே வருது."

"ஐயா, நீங்கதான் சிட்டிசனாச்சே."

"யாரு சொன்னா?"

பால்துரை யோசித்தான். எல்லோரும் சொன்னார்கள். அவர் சொன்னதில்லை.

"இந்தியா பாஸ்போர்ட்டைக் கொடுக்க மனசு வரல. அதுக்குள்ள எண்பத்தஞ்சுல எவனோ எனக்கு சிட்டிசன்ஷிப் வந்துருச்சுன்னு சொல்லி, சபையில கேக் வாங்கிட்டாங்க. நல்ல கேக்." உறைகளைச் சீட்டு விளையாடுகிறவர் போல அடுக்கினார். "பிரிச்சா வா-ன்னு இருக்கும்னு பயம். பிரிக்காம இருந்தா போலீஸ் வரும்னு பயம். வருமா தம்பி?"

பால்துரை வாயைத் திறந்தான். உள்ளே ஒன்றிரண்டு சட்டப் பிரிவுகள் எழுந்து நின்றன. மூடிக்கொண்டான்.

"தெரியல ஐயா. படிச்சுப் பாத்துதான் சொல்லணும்."

"அப்படியா," என்றார் ஆபேல் ஐயா. இந்த முறை நிஜமாகவே கேட்டார்.

இருந்ததில் பழைய உறையை வாங்கினான். பசை காய்ந்திருந்தது. விரல் பட்டதும் தானே பிரிந்தது. ஆபேல் ஐயா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, வேட்டி கட்டிய பழக்கத்தில் இடுப்புப் பக்கம் துணி தேடி, பிறகு டையில் துடைத்துப் போட்டுக்கொண்டார். காரின் பானெட்மேல் தாளை விரித்தார்கள். காற்று தூக்கியது. ஆளுக்கு இரண்டு மூலையாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, இருவரும் தலை முட்டக் குனிந்தார்கள்.