எல்ம்ஃபோர்ட் சபையில் இரண்டாம் எண்ணிக்கை

ஆசகேல் ஹாய்ட்டைச் சபையினின்று நீக்குவதா, வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யக் கூடிய கூட்டத்தில் எழுத்தராக அமர்ந்திருந்தவன் நான். எல்ம்ஃபோர்ட் பள்ளியில் ஆசிரியர் வேலை எனக்கு. சபை நடவடிக்கைகளை எழுதி வைப்பது ஊதியமில்லாத ஊழியம். அன்று நடந்தவற்றுள் நடவடிக்கைப் புத்தகத்தில் ஏறியவை நான்கு வரிகள். ஏறாதவற்றை இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது தொப்பி செய்து பிழைக்கும் ஊர். முயல்தோலின் மேல், மஞ்சள் தண்ணீர் என்று பட்டறையில் சொல்லும் மருந்துநீரைத் தடவி உலர்த்தி, மயிரைச் சிரைத்தெடுப்பார்கள். பிறகு கொதிக்கும் கொப்பரையைச் சுற்றி எட்டுப் பேர் நின்று, அம்மயிரை நனைத்தும் பிசைந்தும் இறுக்கித் தொப்பியாக்குவார்கள். காற்றடித்தால் மயிர் பறந்துவிடும் என்பதால் பட்டறையில் சன்னல் திறக்கும் வழக்கமில்லை. கொப்பரையடியில் பத்தாண்டு நின்ற எவனுக்கும் கை நடுங்கும். அது ரம் குடிப்பதால் வருவது என்று ஊர் நம்பியது. தொப்பிக்காரர்களில் பலர் குடித்ததனால் அந்நம்பிக்கைக்கு ஊறு நேரவில்லை. குடிக்காதவர்களோ, நடுக்கத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஆராதனைக்கு வந்தார்கள்.

ஆசகேல் முப்பத்தோராண்டு கொப்பரையடியில் நின்றவர்; பதினாறாண்டு சபையின் டீக்கன், அதாவது பந்தியில் பணிபுரியும் உதவி ஊழியர். இருபது வயதில் மதுவிலக்கு உறுதிமொழியில் கையெழுத்திட்டவர். ஜூன் மாத முதல் ஞாயிறன்று திருவிருந்தின் கிண்ணத்தை அவர் ஏந்தி வருகையில் கை உதறிற்று. திராட்சரசம் மேசையின் வெண்துணியில் சிந்திற்று. அப்போது காலை பத்தரை மணி.

அன்று பின்வரிசையில் வெளியூர்ப் பெண் ஒருவர் அமர்ந்திருந்தார். திர்சா ஃபென்டன் என்பது பெயர். பாஸ்டன் நகரத்து மதுவிலக்கு வார இதழின் செய்தியாளர். தொப்பி ஊர்களில் ரம் செய்யும் கேட்டை நேரில் கண்டு எழுத வந்தவர். இரண்டு வாரம் கழித்து இதழ் வந்தது. கர்த்தருடைய பந்தியில் பணிபுரியும் டீக்கனின் கையே முற்பகலில் நடுங்குகின்ற ஊர் ஒன்று கனெக்டிகட் மாநிலத்தில் உண்டென்று அதில் அச்சாகியிருந்தது.

எங்கள் சபையில் ஒருவர்மேல் குற்றம் எழுந்தால் முறை மூன்று. முதலில் போதகர் தனியே கண்டிப்பார். அடுத்து இரண்டு சாட்சிகளோடு போய்க் கண்டிப்பார். அதற்கும் இணங்காதவரைச் சபையின் முன் நிறுத்துவோம். குடியை ஒப்புக்கொண்டு மனந்திரும்பினால் ஆசகேல் தப்பியிருப்பார். ஆனால் செய்யாததை ஒப்புக்கொள்ள அவரால் இயலவில்லை. செய்யவில்லை என்று நிமிர்ந்து சொல்லவும் இயலவில்லை. யாரேனும் உற்றுப் பார்த்துக் கேள்வி கேட்டால் அவர் முகம் சிவக்கும், நடுக்கம் மிகும், பேச்சு குழறும், எழுந்து போய்விடுவார். உள்ளே குற்றம் இருப்பதால்தான் முகம் சிவக்கிறது என்று நாங்கள் முடிவு கட்டினோம். விசாரணை செப்டம்பருக்குக் குறிக்கப்பட்டது. நீக்கப்பட்டால் அவருக்குப் பந்தி இல்லை. அவரோடு உணவருந்தும் அண்டை வீடும் இராது.

ஆகஸ்டில் திர்சா ஃபென்டன் மீண்டும் வந்தார். ஆசகேலின் மனைவி மெகேதபேல் அவருக்குக் கடிதம் போட்டிருந்தார். நான் அவர்களுக்கு அடுத்த வீடு. அப்போது வேலியோரம் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தேன்.

"நீதானா அது?" என்றார் மெகேதபேல், வாசற்கதவைப் பாதி மட்டும் திறந்து. "எழுதுற கை நல்லாத்தானே இருக்கு. நடுக்கம் ஒண்ணையும் காணோம்."

"அம்மா, நான் யார் பேரையும் போடலை."

"பேரு எதுக்கு? ஊர்ல டீக்கன் ரெண்டே பேரு. ஒருத்தருக்கு எண்பத்திரண்டு வயசு, இருக்கையை விட்டு எழுந்து கிண்ணத்தைத் தொட்டே வருஷக்கணக்காச்சு. மிச்சம் யாரு? போதகரோட குதிரையா?"

செய்தியாளர் தலை குனிந்து நின்றார். "உங்க கடுதாசியைப் பாத்துட்டுத்தான் வந்தேன்," என்றார்.

"வந்தது வந்தே, ஒரு வாரம் தங்கிட்டுப் போ. விடியறப்போ அவர் வாயை மோந்து பாரு. மத்தியானம் மோந்து பாரு. ஒரு சொட்டு வாடை அடிச்சுதுன்னா நானே சபையில கையத் தூக்கி அவரை வெளியே அனுப்பிடறேன்."

பெண்களுக்குச் சபையில் கை தூக்கும் உரிமை இல்லை என்பதை மெகேதபேல் மறந்து அப்படிச் சொல்லவில்லை.

திர்சா ஃபென்டன் ஒரு வாரம் தங்கினார். வாடை இல்லை. எனினும் அத்துடன் அவர் நிற்கவில்லை. பட்டறையில் தொப்பிகளுக்கு உட்துணியும் நாடாவும் தைக்கும் பெண்கள் பதினான்கு பேர் உண்டு. வேறு பெயர் கொடுத்துப் பதினைந்தாவதாக அங்கே வேலைக்குச் சேர்ந்தார். இவையெல்லாம் அவர் பின்னர் எனக்குச் சொன்னவை.

பெண்களில் ஒருவருக்கும் நடுக்கமில்லை. இத்தனைக்கும் அவர்களுள் மூவர் வீட்டில் புளித்த ஆப்பிள் மதுவைக் குடம் குடமாகக் குடிப்பவர்கள். கொப்பரையிலிருந்து தொப்பிகளைச் சுமந்து வருபவன் எபன் ஸ்கொஃபீல்ட். அவனும் எங்கள் சபையில் ஓர் அங்கத்தினன், வாய்த்துடுக்கு மிகுந்தவன். தொப்பி அடுக்கு அவன் கையில் ஆடி நிற்பதை அவர் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, கண்ணை எடுக்காம பாக்கறே? தொப்பியப் பாக்கறியா, என்னையா?"

"கையைப் பாத்தேன். நேத்து நிறையக் குடிச்சீங்களோ?"

"மயிர் அறையில ஒரு பூனை இருக்கு, போய் அதைக் கேளு. என்னைவிட ஜாஸ்தி நடுங்குது. பால் கிண்ணத்துல வாய வெச்சா மூக்குல இடிச்சுக்குது. அதுக்கு ரம் ஊத்திக் குடுக்கறவன் யாருன்னு இன்னும் கண்டுபிடிக்கலை."

தையற்பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. உணவு இடைவேளையில் மயிர் அறைக்குப் போனார். மஞ்சள் தண்ணீர் தடவிய தோல்களின் மேல் சாம்பல்நிறப் பூனை ஒன்று படுத்திருந்தது. அவரைக் கண்டு எழ முயன்றது. கால்கள் பின்னிச் சரிந்தது.

திரும்பி வந்து எபனைத் தனியே பிடித்தார். "இது குடியில்லேன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். ஏன் வாயத் திறக்க மாட்டேங்கறீங்க?"

எபன் முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தினான். "குடிச்சு நடுங்கறான்னா ஞாயித்துக்கிழமை திட்டு விழும். பட்டறையால நடுங்கறான்னு சொன்னா திங்கக்கிழமை வேலை போயிடும். எனக்கு அஞ்சு பிள்ளைங்க. நீ எதைச் சொல்லுவே?"

மஞ்சள் தண்ணீரில் என்ன இருக்கிறதென்று ஊர் மருத்துவரிடம் கேட்டார். அமிலத்தில் கரைத்த பாதரசம் என்றார் மருத்துவர். வயிற்றுக் கோளாறுக்குத் தாமும் அதைச் சிறிது கொடுப்பதுண்டு என்று சேர்த்துக்கொண்டார்.

திர்சா ஃபென்டன் போதகர் பிக்ஸ்பியிடம் சென்றபோது நான் அங்கே விசாரணை அறிவிப்பைப் படியெடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஐயா, டீக்கன் ஹாய்ட் குடிக்கறதில்லை. நான் எழுதினது தப்பு."

போதகர் கொடியவர் அல்லர். நெடுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "நீங்க எழுதினதுனாலதானே அம்மா நாங்க விசாரிக்கவே ஆரம்பிச்சோம்? ஊர் பூரா படிச்சாச்சு. அச்சுல வந்ததை நீங்க அச்சுலயே மாத்திப் போடுங்க. அப்பறம் நான் சபைக்கு வாசிச்சுக் காட்டறேன்."

திர்சா ஃபென்டன் அவ்வாறே, பட்டறைத் தண்ணீரையும் சேர்த்து எழுதி, பாஸ்டனுக்கு அனுப்பினார். இதழாசிரியர் அதை அச்சிடவில்லை. அவருடைய மறுமொழி ஒரே வாக்கியம்: நம் இதழ் மதுவுக்குப் பகை, தொப்பிக்கு அன்று.

செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு, பிற்பகல் ஆராதனை முடிந்தபின் விசாரணை கூடிற்று. ஆண் அங்கத்தினர் நாற்பத்தொருவர் கீழே. பட்டறை முதலாளி வழக்கம்போல் முதல் இருக்கையில். பேச அனுமதி கேட்ட திர்சா ஃபென்டன், அங்கத்தினர் அல்லர் என்பதால் மறுக்கப்பட்டு, மாடத்தில் போய் அமர்ந்தார். ஆசகேல், பலகையடைப்பும் சிறு கதவும் உள்ள தம் குடும்ப இருக்கையில் மனைவி பக்கத்தில் இருந்தார். போதகர் மூன்று முறை அவரை விளித்துக் கேட்டார்.

"சகோதரர் ஹாய்ட், உங்க பக்கத்துல சொல்ல ஏதாவது உண்டா?"

அவர் எழ முயன்றார். நாற்பது முகங்கள் அவர் பக்கம் திரும்பின. வாய் திறந்தது, சொல் வரவில்லை, அமர்ந்துவிட்டார்.

நீக்கத் தீர்மானம் வாசிக்கப்பட்டது. ஆதரிப்பவர் கையை உயர்த்தலாம் என்றார் போதகர்.

எழுத்தர் எண்ணி முடிக்கும்வரை கையை முழங்கை மடங்காமல் நேரே உயர்த்தி வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் சபையின் பழைய விதி. தலை சொறிந்த கையை ஒருமுறை வாக்காக எண்ணிவிட்டதால் முன்னோர் இட்ட விதி. நான் முன்வரிசையில் தொடங்கினேன். முதலாளியின் கை, கடைக்காரர்கள் கை, உழவர்கள் கை: தூண்போல நின்றன. வலக்கையில் பென்சில் இருந்தமையால் நானும் என் இடக்கையை உயர்த்தியிருந்தேன். அதுவும் நடுங்கவில்லை.

எட்டாம் வரிசைக்கு மேல் கொப்பரையடி ஆட்கள். அவர்கள் அத்தனை பேரையும் நான் அறிவேன்; ஒருவனும் மதுக்கடைப் படி மிதித்தவன் அல்லன். சாதாரண வேளையில் கை தொங்கும், பையில் கிடக்கும், எதையேனும் பற்றியிருக்கும். அன்று பற்றுவதற்கு ஒன்றுமில்லாமல் வெறும் வெளியில் நீண்டு நின்றது. காற்றிலாத அக்கூடத்தில் எட்டொன்பது கைகள் ஆடின. ஒருவன் தன் கையை நிமிர்ந்து பார்த்தான். பிறகு பக்கத்தவன் கையைப் பார்த்தான். பக்கத்தவன் அவனுடையதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எண் எனக்குத் தவறிற்று.

"எத்தனை?" என்றார் போதகர்.

"இருபத்தாறு மாதிரி இருக்கு ஐயா. உறுதியாச் சொல்ல முடியலை."

"மறுபடி எண்ணுங்க. யாரும் கையை எறக்காதீங்க."

அவர் சொல்லி முடிக்குமுன் ஒரு கை இறங்கிற்று. அதன்பின் கொப்பரையடி ஆட்களின் கைகள் அத்தனையும் இறங்கின. அது இரக்கத்தால் அன்று. நடுங்கும் கையை முதலாளியும் போதகரும் காண நீட்டிக்கொண்டிருக்க அவர்கள் அஞ்சினார்கள். நான் இரண்டாம் முறை எண்ணினேன். பதினேழு.

"தீர்மானம் தோத்துப்போச்சு," என்றார் போதகர் மெல்ல. "சகோதரர் ஹாய்ட் சபையில நீடிக்கிறார்."

அப்போதுதான் ஆசகேல் எழுந்தார். முகம் சிவந்திருந்தது, உடல் முழுதும் ஆடிற்று, ஆயினும் இம்முறை அவர் எங்களைப் பாராமல் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே வந்தது.

"இப்படி இருக்க... எனக்கு வேண்டாம். கையை எறக்கினவங்க யாரும் குடிக்கறதில்லை. எனக்குத் தெரியும். நானும் குடிக்கலைன்னு... உங்களுக்கும் தெரியும். யாராவது ஒருத்தர் அதை வாய் விட்டுச் சொன்னா இங்க இருக்கேன். இல்லேன்னா நானே போயிடறேன்."

அவர் காத்திருந்தார். பின் கதவருகே தொங்கிய தம் தொப்பியை நோக்கித் திரும்பி, இருக்கைக் கதவின் தாழை நீக்கத் தொடங்கினார். தாழ் விரலுக்குள் நிற்காமல் நழுவியது, மீண்டும் முயன்றார். உதவப் போன மெகேதபேலின் கையை விலக்கினார். நாங்கள் அனைவரும் அந்தத் தாழையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அட, நில்லுங்க டீக்கன்!" என்று பின்வரிசையில் ஒரு குரல். எபன் ஸ்கொஃபீல்ட் எழுந்திருந்தான். இரு கைகளையும் பையிலிருந்து எடுத்து முன்னே நீட்டினான். "இதைப் பாத்துக்கங்க எல்லாரும். ஒம்போது வருஷமா ஒரு சொட்டு தொட்டதில்லை. என் பொஞ்சாதி சாட்சி. அவளுக்கு என்னைக் காப்பாத்தறதுக்குன்னு பொய் சொல்ற பழக்கமே கிடையாது. இது குடியில்லை. பட்டறைத் தண்ணி."

மாடத்தில் செய்தியாளரின் பென்சில் ஓடும் ஓசை கேட்டது. முதலாளி மெதுவாகத் திரும்பி எபனைப் பார்த்தார், பார்வையை எடுக்கவில்லை. எபனும் அமரவில்லை, அவனைத் தொடர்ந்து வேறு எவரும் எழவில்லை.

ஆசகேல் தாழின்மேல் கை வைத்தபடியே நின்றார். ஒருவர் சொன்னால் போதும் என்று கேட்டவர் அவர்தான்.

"உக்காருங்க," என்றார் மெகேதபேல், கோட்டின் ஓரத்தைப் பற்றி இழுத்து. "அதான் சொல்லிட்டானே. உங்களுக்கு இன்னும் எத்தனை பேரு வேணும்?"

அவர் அமர்ந்தார்.