நாற்பத்தோராவது குழாய்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மருமகனிடம் வாயைக் கொடுத்ததில் வந்த கதை இது. கம்ப்யூட்டர் எப்படித்தான் வேலை செய்கிறது என்று கேட்டேன். "ஒண்ணு முடிஞ்சாதான் அடுத்தது, அத்தை. அவ்ளோதான்" என்றார். இதற்கா இத்தனை வருடப் படிப்பு என்று சிரித்தேன். அப்புறம் யோசித்தேன்: அந்த ஒன்று முடியவே முடியாவிட்டால்?

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'தங்கையின் கணவன் ஆபரேஷனுக்குக் காத்துக் கிடக்க, கீழ்த்தளத்தில் அக்கா…' வேண்டாம். கிடப்பவனை எழுதினால் கண் அங்கேயே போய்விடும். கீழ்த்தளத்திலிருந்தே வருவோம்.

ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடம். காலை பதினொரு மணி. ஓர் இயந்திரம் ரத்தக் குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறது. அதற்கு புரோகிராம் எழுதியவள் அக்கா. 'அடுத்தடுத்து இரண்டு முறை ஒரே முடிவு வந்தால்தான் அடுத்த குழாய். வராவிட்டால் திரும்பப் பார்.' எத்தனை முறை திரும்பப் பார்ப்பது என்று எழுத மறந்துவிட்டாள். மூன்று வருடமாக அது யாருக்கும் தெரியவில்லை. இன்று நாற்பத்தோராவது குழாய் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்றைக் காட்டுகிறது. (நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் இருபத்திரண்டாவது முறை.) தங்கை கையிலுள்ள சீட்டில் அவள் கணவனின் குழாய் எண் நாற்பத்துநான்கு.

"அக்கா, ரத்த ரிசல்ட் வந்தாதான் உள்ள கூட்டிட்டுப் போவாங்களாம்" என்றது போன். "கீழ நீதானேக்கா இருக்கே?"

3

டெக்னீஷியனுக்கு 'நிதானம்' என்று பட்டப்பெயர். தீப்பிடித்தாலும் டீயைக் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். இன்று டீ ஆறிக்கிடந்தது.

"தாண்டி விடும்மா. நீ எழுதினதுதானே?"

"தாண்டினா அந்தக் குழாய் கழிவுல விழுந்துடும்ண்ணே. அவங்களுக்கும் அவசரமா இருந்தா?"

"சரி, நிறுத்திடு."

"நிறுத்தினா மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கும்."

"யாரோடதுன்னாவது பாரேன்."

"திரையில பேர் வராது. பேர் தெரிஞ்சா வேண்டியவங்களை முன்னாடி தள்ளுவாங்கன்னு நான்தான் எடுத்துட்டேன்."

"நல்லா எடுத்தே போ!"

4

அவள் விரல் 'தாண்டு' பொத்தான்மேல் நிற்கிறது. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். இருபத்துமூன்றாவது முறை முடிவு தானாக ஒத்துப்போனது என்று ஒரு தடவை எழுதினேன். ஏமாற்று வேலை, அடித்துவிட்டேன். பிறகு,

[நாற்பத்தோராவது குழாய் யாருடையது என்றால், ]

பாதியில் விட்டுவிட்டேன். அந்த ஆளை எழுதிவிட்டால் அவளால் அழுத்த முடியாது. எழுதாவிட்டால் சுலபமாக அழுத்திவிடுவாள், நானும் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன்.

அடைப்புக்குள் இடம் விட்டிருக்கிறேன். யாரையாவது எழுதுங்கள், இல்லை அப்படியே விடுங்கள். சீக்கிரம். போன் மறுபடி அடிக்கிறது.